உறுமலுக்கு உள்ளே என்ன பாடுகிறார்கள்?

திருத்தணி, நகரி, புத்தூர் பக்கத்து நண்பர்கள் கேட்டவை இவை. மெட்டல் என்கிற கனமான கிடார் இசையின் பாட்டு வரிகளை நோட்டில் எழுதிவைத்துக் கேட்கிறவன் நான், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, நகரியில தறி ஓட்டுறேன். சாவைப் பத்திப் பாடுற டெத் மெட்டல் கேட்டா உறுமல் மட்டும்தான் காதுல விழுது. வரி படிச்சே ஆகணுமா?

படிச்சே ஆகணும் தம்பி. 'டெத்' என்றே பெயர் வைத்த குழுவின் 'புல் தி ப்ளக்' பாட்டில் ஆரம்பி. 1987இல் வந்த அவர்கள் முதல் ஆல்பம் முழுக்க ரத்தமும் ஜாம்பியும்தான். அடுத்த ஆண்டே இந்தப் பாட்டு வந்தது. மூச்சுக் கருவியோடு படுக்கையில் கிடப்பவன், என்னைப் போகவிடுங்கள் என்று கெஞ்சுகிறான். பாடிய சக் ஷூல்டினருக்கு அப்போது வயது இருபதை ஒட்டித்தான். என் சாவை யார் முடிவு செய்வது என்று அந்த வயதிலேயே கேட்டிருக்கிறார். 2001 டிசம்பர் 13 அன்று மூளைக் கட்டியால் அவரே போய்ச் சேர்ந்தார், 34 வயதில். எங்கப்பாவை ஐசியூ கண்ணாடி வழியாகப் பார்த்த பிறகு, இந்தப் பாட்டை வேறு வேலை செய்துகொண்டே கேட்க எனக்கு மனம் வருவதில்லை.

அரக்கோணத்திலிருந்து: பிணம் அழுகுவதை எல்லாம் பாடுவது நம்ம மண்ணுக்கு ஒட்டுமா சார்?

சென்னைக்குப் போகும் ரயிலில் திருவாலங்காடு தாண்டித்தானே போகிறீர்கள்! 'கொங்கை திரங்கி நரம்பெழுந்து' என்று காரைக்கால் அம்மையார் பேயைப் பாடியது அந்த ஊர்ச் சுடுகாட்டை வைத்துத்தான். வற்றிய முலை, குழிந்த வயிறு, வெளுத்த பல், எதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் அம்மையாரின் காட்டில் நடுவே ஈசன் ஆடுகிறான். இங்கிலாந்தின் லிவர்பூலைச் சேர்ந்த கார்காஸ் என்ற மெட்டல் குழு பாடும் பிணவறையில் யாருமே இல்லை. மருத்துவ அகராதிச் சொற்களும் சதையும் மட்டும்தான். அந்தக் குழுவினர் சைவச் சாப்பாட்டுக்காரர்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். மனுஷ உடம்பும் இறைச்சிதான் என்று அவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஈசன் இல்லாத அந்த வெறுமைதான் என்னை உலுக்குகிறது, அருவருப்பு அல்ல.

ஒப்பாரி மாதிரி ஏதாவது?

மை டையிங் பிரைட். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் 1990இல் தொடங்கிய டூம் குழு, அதாவது மெதுவான, சோகமான மெட்டல். பாட்டு மெதுவாக நகரும், வயலின் அழும். ஒரு குறை உண்டு. நம்ம ஒப்பாரியில் செத்தவரைக் கூப்பிட்டே கேட்பார்கள், என்னை யார்கிட்ட விட்டுட்டுப் போனே என்று. இவர்கள் பெரும்பாலும் தமக்குள்ளேயே புலம்புகிறார்கள்.

புத்தூர்ல இருந்து கேக்குறேன் தம்பி. பையன் இன்டர் (நம்ம பிளஸ் டூ மாதிரி) படிக்கிறான். ரூம் பூரா மண்டை ஓட்டுப் படம். பயமா இருக்கு.

படத்துக்குப் பயப்படாதீங்க அக்கா. பக்கத்துல உட்கார்ந்து, இந்தப் பாட்டுல என்னப்பா சொல்றாங்கன்னு கேளுங்க. சொல்லுவான். ஆனா சரியாத் தூங்காம, சாப்பிடாம, நான் இல்லாட்டி நல்லதுன்னு வாய் தவறிச் சொன்னாக்கூட அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்கும் போன் பண்ணலாம், தெலுங்கு, தமிழ் ரெண்டுலயும் பேசுவாங்க.

மேஹெம் 'டெட்' டி-ஷர்ட் வாங்கலாமா அண்ணா?

'டெட்' என்பது மேஹெம் என்ற நார்வே மெட்டல் குழுவில் பாடியவரின் மேடைப் பெயர். அவர் சொந்தப் பெயர் பெர் யிங்வே ஒலின். 1991இல் தற்கொலை செய்துகொண்டபோது வயது 22. அவர் பாட்டைக் கேள். அந்தச் சாவை மட்டும் நெஞ்சில் போட்டுக்கொண்டு திரியாதே தம்பி.