பூதம் இல்லையென்று தெரியும், ஆனாலும் பயமாக இருக்கிறது

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது. பகல் முழுக்க பூதம் பூதமாக வரைந்து தள்ளுகிறாள். நான் பூதமாக நடித்துத் துரத்தினால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். ராத்திரி விளக்கை அணைத்ததும் கட்டிலுக்கு அடியில் பூதம் இருக்கிறது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். டார்ச் அடித்துக் காட்டினாலும், “நீங்க போனதும் வந்துடும்” என்கிறாள். பூதத்தை விரட்டும் மந்திரத் தண்ணீர் தெளிக்கலாமா? இல்லை, அதெல்லாம் பொய் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடலாமா?

பதில்: பூதம் நிஜமில்லை என்பது உங்கள் மகளுக்கு அநேகமாக ஏற்கெனவே தெரியும். அதனால்தான் டார்ச் வெளிச்சம் எடுபடவில்லை.

உளவியலாளர் பால் ஹாரிஸும் சக ஆய்வாளர்களும் 1991-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நான்கு, ஆறு வயதுக் குழந்தைகளிடம் ஒரு காலிப் பெட்டியைக் காட்டி, அதற்குள் ஒரு பூதம் இருப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். வேறு சிலருக்கு பூதத்துக்குப் பதில் முயல். நிஜமாகவே உள்ளே இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றுதான் பிள்ளைகள் சொன்னார்கள். ஆனால் ஆய்வாளர் அறையை விட்டுக் கிளம்பியபோது, பூதத்தை நினைத்த சின்னக் குழந்தைகளில் சிலர் அவரைப் போகவே விடவில்லை. தனியாக இருந்த பிள்ளைகள் பலர் மெல்லப் பெட்டியருகே போய்ப் பார்த்தார்கள். ஒன்றை மனதில் துலக்கமாகக் கற்பனை செய்துவிட்டால், ‘ஒருவேளை இருந்துவிட்டால்?’ என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது.

உங்கள் மகள் சொல்வதைக் கவனியுங்கள். “நீங்க போனதும்.” பகலில் பூதம் அவள் சொன்னபடி ஆடுகிறது, நீங்களும் பக்கத்தில் இருக்கிறீர்கள். இரவில் இருட்டு, தனிமை, கண்ணுக்கு எதுவும் பிடிபடாத அறை. பயத்தில் பாதி பூதத்தைப் பற்றியது, மீதி உங்களைப் பிரிவதைப் பற்றியது.

“பொய், தூங்கு” என்று கண்டிப்பது இந்த வயதில் அதிகம் உதவாது. சேஃபன், லகட்டூட்டா என்ற இரு ஆய்வாளர்கள் 2009-இல், கதையில் வரும் குழந்தையின் பயத்தை எப்படிப் போக்கலாம் என்று நான்கு, ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். ‘அது நிஜமில்லை என்று நினைத்துக்கொள்ளலாம்’ என்ற யோசனை பெரிய பிள்ளைகளிடம்தான் கூடுதலாக வந்தது. சின்னவர்கள் கற்பனைக்குள்ளேயே வழி தேடினார்கள்: அந்தப் பூதம் நல்ல பூதம் என்று வைத்துக்கொள்ளலாம்! அவர்கள் காட்டும் அந்த வழியிலேயே நாமும் போகலாம்.

பகலில், அவள் வரைந்த பூதத்தை நடுவில் வைத்துக்கொண்டு பேசுங்கள். இது என்ன சாப்பிடும்? இதற்கு எதைக் கண்டால் பயம்? தூக்கம் வந்தால் எங்கே படுக்கும்? பதில்களை அவளே உண்டாக்கட்டும். இந்த வயதுப் பிள்ளைகளின் பூதங்கள் பெரும்பாலும் தெரிந்த உருவத்தின் மாற்றம்தான். உலகிலேயே இல்லாத மாதிரி ஒரு மனிதரை வரையச் சொல்லி 1990-இல் அனெட் கார்மிலாஃப்-ஸ்மித் நடத்திய ஆய்வில், சிறியவர்கள் தலையைப் பெரிதாக்கினார்கள், ஒரு காலை விட்டுவிட்டார்கள். மனிதனுக்கு இறக்கை ஒட்டுவது போன்ற கலப்புகள் பெரும்பாலும் மூத்த பிள்ளைகளிடம்தான் வந்தன. ஆகவே, “பல்லைக் கொஞ்சம் சின்னதாக்கலாமா?” என்று கேட்டுப் பாருங்கள். அது அவளுக்குக் கைவந்த வேலை.

மந்திரத் தண்ணீர் அவளே கண்டுபிடித்த விளையாட்டு என்றால் தாராளமாகத் தெளிக்கட்டும். நீங்களாகவே தீவிர முகத்தோடு பாட்டிலைக் கொண்டுவருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விரட்ட வேண்டிய ஒன்று அங்கே இருக்கிறது என்று பெரியவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். தினமும் கட்டிலுக்கு அடியில் சோதனை போடுவதும் அப்படித்தான்.

அதைவிட ஒரு பொம்மை நாய்க்குட்டி மேல். கடும் இரவுப் பயம் உள்ள 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கு இஸ்ரேலிய ஆய்வாளர்கள் இப்படி ஒரு பொம்மையைக் கொடுத்தார்கள். சிலரிடம், இது உன்னைப் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். மற்றவர்களிடம், இதை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். இரண்டு விதத்திலும் பயம் குறைந்தது. உங்கள் மகளுக்கு நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன்; பொறுப்பு கிடைத்தால் இந்த வயதுக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பிரிவுக்கும் பழக்குங்கள். “தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்” என்று சொல்லிப் போய், அவள் கூப்பிடுவதற்கு முன்பே திரும்பி வாருங்கள். இடைவெளியை மெல்ல நீட்டலாம். மங்கலான இரவு விளக்கு எரியட்டும். “பூச்சாண்டியிடம் பிடித்துக் கொடுப்பேன்” என்ற மிரட்டல் வீட்டில் யார் வாயிலும் வரக்கூடாது.

இந்தப் பயம் பெரும்பாலும் வளர வளரத் தணிந்துவிடும். ஆனால் பல வாரங்களாகத் தூக்கம் கெட்டாலோ, பகலிலும் தனியாக அடுத்த அறைக்குப் போக மறுத்தாலோ குழந்தை மருத்துவரைப் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு நபரையோ இடத்தையோ கண்டு திடீரென நடுங்கத் தொடங்கினால், அதைப் பூதக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவசரப்படுத்தாமல் அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு, உடனே உதவி தேடுங்கள்.