எனக்குப் பிறகு மணிக்கு யார் சோறு வைப்பார்கள்?

கேள்வி: எனக்கு 67 வயது. கோவை வடவள்ளியில் சொந்த வீடு, கணவர் காலமாகி நான்கு வருடம் ஆகிறது. மகன் சிங்கப்பூரில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில், மகள் பெங்களூரில் அபார்ட்மெண்டில். என்னோடு இருப்பது மணி, ஏழு வயது நாட்டு நாய். போன மாதம் நெஞ்சு வலி வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். மணி சாப்பிட்டானா என்பதுதான் மூன்று நாளும் கவலை. வேலைக்கு வரும் பெண் வழக்கம்போல வந்து பார்த்ததால் தப்பித்தான். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவன் கதி என்ன? உயிலில் அவன் பேரில் பணம் எழுதிவைக்க முடியுமா? மகனிடம் சொன்னால் சிரிக்கிறான்.
- ஒரு வாசகி, கோவை

பதில்: சிரிக்கட்டும் அம்மா, அவருக்கு அந்த மூன்று நாள் தெரியாது.

உயிலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதைச் சொல்கிறேன், ஆனால் உங்கள் கடிதத்திலேயே அதைவிட அவசரமான விஷயம் இருக்கிறது. நீங்கள் இறக்கவில்லை, ஆஸ்பத்திரியில்தான் இருந்தீர்கள். அப்போது உயிலால் ஒரு பிடி சோறு கூட வைத்திருக்க முடியாது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆம்புலன்ஸில் போனார், கதவைப் பூட்டிவிட்டுப் போன நல்ல மனிதர்கள் யாருக்கும் உள்ளே பூனை இருப்பது தெரியவில்லை, நான்காம் நாள் கத்தல் கேட்டுத்தான் பூட்டை உடைத்தோம். அதனால் முதல் வேலை, பர்ஸில் ஒரு துண்டுச் சீட்டு: "வீட்டில் நாய் தனியாக இருக்கிறது, இவரைக் கூப்பிடுங்கள்", கீழே இரண்டு போன் நம்பர். அதையே வாசல் கதவின் உட்பக்கமும் ஒட்டுங்கள். ஒரு சாவி பக்கத்து வீட்டில் இருக்கட்டும்.

அப்புறம், அந்த ஆள் யார்? பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். சிங்கப்பூரில் வீவக வீடுகளில் அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இருக்கும் சின்ன ஜாதி நாய்களைத்தான் வளர்க்கலாம், அதுவும் வீட்டுக்கு ஒன்று. நம் ஊர் நாட்டு நாய்க்கு அதில் இடம் கிடையாது, மகன் ஆசைப்பட்டாலும் நடக்காது. பெங்களூர் கதை வேறு. "எங்கள் அபார்ட்மெண்டில் நாய்க்கு அனுமதி இல்லை" என்று மகள் சொன்னால், குடியிருப்போர் சங்கம் ஓட்டெடுப்பு நடத்திக்கூட வளர்ப்புப் பிராணிகளுக்குத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் இருக்கிறது, அதைக் காட்டுங்கள். ஆனால் மகளுக்கே விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். மனசில்லாதவர் வீட்டு பால்கனியில் கட்டிப்போடப்படுவதைவிட மணி வடவள்ளியிலேயே இருக்கலாம்.

எனக்கென்னவோ அந்த வேலைக்கு வரும் பெண்தான் பொருத்தமாகத் தெரிகிறது. மணிக்கு அவரைத் தெரியும், அவருக்கு மணியைத் தெரியும். ஆனால் வாய்விட்டுக் கேட்டீர்களா? அவர் குடியிருப்பது வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் நாயை விடுவாரா? பாசத்தால் செய்வார் என்று நினைத்து அவர் தலையில் கட்டிவிடாதீர்கள், இது மாதாமாதம் செலவு வைக்கும் வேலை. இப்போதே இரண்டு மூன்று நாள் மணியை அங்கே விட்டுப் பாருங்கள், சாப்பிடுகிறானா, அந்த வீட்டுக் குழந்தைகளோடு ஒத்துப்போகிறானா என்று தெரிந்துவிடும். அவர் சம்மதித்தாலும் இரண்டாவதாக இன்னொருவர் வேண்டும், அவருக்கும் உடம்பு முடியாமல் போகலாம் இல்லையா. விலங்குக் காப்பகத்தில் விடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பெரும்பாலான இடங்களில் ஏற்கெனவே இடமில்லை, பத்து வயது நாயைத் தத்தெடுக்க வருபவர்களும் குறைவு.

சரி, உயில். நாய் பேரில் பணம் எழுத முடியாது. நம் சட்டத்தில் வளர்ப்பு நாய் என்பது உங்கள் உடைமை, உங்கள் பீரோ மாதிரி. பீரோ சொத்து வாங்க முடியாதே. எழுதும் முறை இதுதான்: மணியை இன்னாருக்குக் கொடுக்கிறேன், அவனைப் பராமரிக்க இவ்வளவு ரூபாயும் அவருக்குக் கொடுக்கிறேன். 2024 அக்டோபரில் காலமான ரத்தன் டாடாகூட டிட்டோ என்ற தன் ஜெர்மன் ஷெப்பர்டை வீட்டுச் சமையல்காரர் பொறுப்பில் விட்டு உயில் எழுதியதாகத்தான் செய்திகள் வந்தன.

தொகையை நீங்களே கணக்குப் போடலாம். மாதம் 3,000 ரூபாய், இன்னும் ஆறு வருடம் என்று வைத்தால் 2,16,000 ரூபாய், வைத்தியத்துக்குத் தனியாகக் கொஞ்சம். அளவோடு எழுதுங்கள். நியூயார்க் பணக்காரர் லியோனா ஹெல்ம்ஸ்லி 2007-இல் இறந்தபோது தன் நாய்க்கு 1.2 கோடி டாலர் ஒதுக்கியிருந்தார், அங்கே அதற்குச் சட்டத்தில் வழி உண்டு, இருந்தும் நீதிமன்றம் அதை 20 லட்சமாகக் குறைத்துவிட்டது. பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல் மாதாமாதம் கொடுக்கும்படி எழுதி, அந்தப் பொறுப்பை மகளிடம் விடுங்கள். நாயைப் பார்க்க ஒருவர், கணக்கைப் பார்க்க ஒருவர். "மணி" என்று மட்டும் எழுதாமல் "நான் இறக்கும்போது என்னிடம் இருக்கும் வளர்ப்புப் பிராணிகள்" என்றும் சேருங்கள், நாளைக்கு ஒரு பூனை வந்து ஒட்டிக்கொள்ளாது என்று யார் கண்டது.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் கட்டாயம், பதிவு செய்வது உங்கள் விருப்பம். பணம் பெறப்போகிற பெண்ணையே சாட்சியாகப் போடாதீர்கள், வீண் வம்பு.

ஒரு எச்சரிக்கை. பவர் கொடுத்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். சாதாரண பவர் பத்திரம் நீங்கள் இறந்தாலோ சுயநினைவு இழந்தாலோ செல்லாது, அதாவது சரியாக உங்களுக்குத் தேவைப்படும் நேரத்தில். அதற்குப் பதில் மகளோடு சேர்த்து, இருவரில் யாரும் எடுக்கலாம் என்கிற வகையில் ஒரு சின்ன வங்கிக் கணக்கு தொடங்கி ஆறு மாதச் செலவுக்குப் போட்டு வையுங்கள். ஆஸ்பத்திரி நாட்களுக்கு அது உதவும்.

கடைசியாக ஒரு நோட்டு. தடுப்பூசி அட்டை, டாக்டர் நம்பர், தயிர்சாதத்தில் உப்பு போடக் கூடாது, தீபாவளிக்குக் கட்டிலுக்கடியில் ஒளிவான் இழுக்கக் கூடாது, இதெல்லாம் உங்களுக்கு மட்டுமே தெரிந்தவை. இன்று சாயங்காலமே எழுத ஆரம்பியுங்கள்.

கேள்வி: அம்மா ஒன்பது வருடம் கூண்டில் வளர்த்த பச்சைக்கிளி, அம்மா போன பிறகு சரியாகச் சாப்பிடுவதில்லை. திறந்து பறக்க விட்டுவிடலாமா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: விடாதீர்கள். கையால் ஊட்டிய நெல்லையும் மிளகாய்ப்பழத்தையும் தின்றே பழகிய கிளிக்கு இரை தேடத் தெரியாது, காக்காயோ பூனையோ ஒரே நாளில் முடித்துவிடும். அதே சமயம் நம் நாட்டுப் பச்சைக்கிளி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது, கூண்டில் வைத்திருப்பதே குற்றம். அதனால் வேறு வீட்டுக்குக் கொடுப்பதும் வழியில்லை. வனத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்து, இறந்துபோன அம்மா வளர்த்தது, ஒப்படைக்க விரும்புகிறோம் என்று நேராகச் சொல்லுங்கள். கொண்டுபோகும்போது கூண்டை அம்மாவின் பழைய புடவையால் மூடிக்கொண்டு போங்கள், இருட்டில் மிரளாது.