அணியில் இருக்கிறாள், ரோபோவைத் தொட விடுவதில்லை

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியின் ஃபர்ஸ்ட் லெகோ லீக் (பிள்ளைகள் லெகோ ரோபோ செய்து கலந்துகொள்ளும் போட்டி) அணியில் எட்டுப் பேரில் ஒருத்தி. கோடிங் தெரிந்த இரண்டு பையன்கள்தான் எப்போதும் ரோபோவோடு இருக்கிறார்கள். இவளுக்குப் போஸ்டர் வேலை மட்டும். போட்டிக்கு ஏழு வாரம் இருக்கிறது. தனியாகக் கோடிங் வகுப்பில் சேர்க்கட்டுமா? – ஒரு தாய், மதுரை

வகுப்பு வேண்டாம். வெளியே போய்க் கற்பதைவிட, அணியின் ரோபோவில் ஒரே ஒரு மிஷனை (போட்டி மேசையில் ரோபோ செய்து காட்ட வேண்டிய வேலை) அவளே செய்து முடித்தால் அதிகம் கற்பாள். அந்த இடத்தை அவளுக்கு வாங்கித் தர நீங்கள் பயிற்றுநரிடம்தான் பேச வேண்டும்.

பேச வலுவான காரணமும் இருக்கிறது. உங்கள் மகளின் வயதினருக்கான சேலஞ்ச் பிரிவில் ரோபோ விளையாட்டுக்குக் கால் பங்கு மதிப்புதான். ரோபோ வடிவமைப்பு, புதுமைத் திட்டம், கோர் வேல்யூஸ் எனப்படும் குழுப் பண்புகள் மூன்றுக்கும் தலா கால் பங்கு. நடுவர்கள் அணியைத் தனியே உட்கார வைத்துப் பேசுவார்கள். "ரோபோவின் இந்தக் கையை ஏன் இப்படி மாற்றினீர்கள்?" என்று கேட்டால் மாற்றிய பிள்ளைதான் பதில் சொல்ல முடியும். மனப்பாடம் செய்து வந்தவர்கள் அடுத்த கேள்வியிலேயே திணறிவிடுவார்கள். இரண்டு பேர் மட்டுமே வேலை செய்த அணி என்பது அந்த அறையில் சீக்கிரமே தெரிந்துவிடும்.

விளையாட்டு இரண்டரை நிமிடம். அதற்குள் ரோபோ தானாகவே ஓடி மிஷன்களை முடிக்க வேண்டும், ரிமோட் கிடையாது. பெரும்பாலான அணிகள் மிஷன்களை மூன்று நான்கு ஓட்டங்களாகப் பிரித்துக்கொள்ளும் (ரோபோ தொடங்கும் இடத்திலிருந்து கிளம்பித் திரும்பி வருவது ஓர் ஓட்டம்). ஒவ்வோர் ஓட்டத்துக்கும் இருவரைப் போடச் சொல்லுங்கள்: கோடிங் தெரிந்தவர் ஒருவர், புதியவர் ஒருவர். தெரிந்தவர் வாயால் சொல்லட்டும், புதியவர் கையால் செய்யட்டும். முன்னே போ, திரும்பு, கையைத் தூக்கு என்று பிளாக்குகளை அடுக்கும் முறைதான். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சில நாளில் பிடிபட்டுவிடும்.

ஆனால் கோடிங் எழுதுவதைவிடக் கடினமானது, நேற்று ஓடிய ரோபோ இன்று ஏன் தவறுகிறது என்று கண்டுபிடிப்பது. பேட்டரி சார்ஜ் குறைந்திருக்கலாம். சக்கரத்தில் தூசி ஒட்டி வழுக்கலாம். தொடங்கும்போது ரோபோவை யாராவது அசைத்திருந்தால் திரும்பும் கோணத்தை அளக்கும் கைரோ சென்சாரின் கணக்கு பிசகும். அரங்க வெளிச்சம் மாறினாலே கலர் சென்சார் மேசையில் உள்ள கறுப்புக் கோட்டைத் தவறவிடலாம். பொறுமையான ஒரு பிள்ளை ஒவ்வோர் ஓட்டத்தையும் பத்து முறை ஓடவிட்டு, எத்தனை முறை சரியாக வந்தது, தவறியபோது எந்தப் பக்கம் விலகியது என்று நோட்டில் எழுதினால் அந்த அணி வேகமாக முன்னேறும். ரோபோவைச் சுவரில் பின்னால் முட்டி நேராக்குவது, தொடங்கும் இடத்தை லெகோத் துண்டுகளால் அளவு வைத்துக்கொள்வது போன்ற திருத்தங்களெல்லாம் அந்த நோட்டிலிருந்துதான் வரும். உங்கள் மகள் இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். நடுவர் அறையில் அந்த நோட்டு நல்ல சாட்சி.

போஸ்டர் வேலையையும் மட்டமாக நினைக்காதீர்கள். அதற்குப் பின்னால் புதுமைத் திட்டம் இருக்கிறது: சீசனின் கருப்பொருளில் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்து, அதற்குத் தீர்வு சொல்ல வேண்டும். 2025-26 சீசனின் கருப்பொருள் தொல்லியல். உங்களுக்குக் கீழடி பக்கத்திலேயே இருக்கிறது! அணியோடு அருங்காட்சியகத்துக்குப் போய், அகழாய்வு தெரிந்தவரிடம் "உங்கள் வேலையில் எது அதிகச் சிரமம்?" என்று பிள்ளைகளே கேட்கட்டும். மழை நீர் குழியில் தேங்குவதோ, பானை ஓடுகளைக் குறித்து வைப்பதோ, எது வந்தாலும் அதுதான் அவர்களின் திட்டம். தீர்வை ஒருமுறை அவரிடமே காட்டிக் கருத்துக் கேட்டுத் திருத்தினால் இன்னும் நல்லது.

அப்புறம், வீட்டுப் பெரியவர்களுக்கு ஒன்று. அப்பா, அண்ணன், மாமா யாராவது இன்ஜினியராக இருந்தால் கை துறுதுறுக்கும். கோடிங்கைத் திருத்தித் தராதீர்கள், "எங்கே தவறுகிறது, காட்டு" என்று மட்டும் கேளுங்கள்.

போட்டி மேசையில் ரோபோ நடுவழியில் சிக்கிவிட்டால் கையால் எடுத்துவிடலாம். அதற்கு, தொடக்கத்தில் அணிக்குத் தரும் டோக்கன்களில் ஒன்று போகும்; கடைசியில் மிஞ்சும் டோக்கன்களுக்கு மதிப்பெண் உண்டு. அண்மைச் சீசன்களில் கொடுக்கப்படும் ஆறில் முதல் டோக்கன் போனால் மதிப்பெண் குறையாது, இரண்டாவதிலிருந்துதான் குறையும். பதற்றத்தில் பிள்ளைகள் இதை மறந்துவிடுவார்கள். சிக்கியதை எப்போது எடுப்பது, எப்போது விட்டுவிடுவது என்பதையும் இந்த ஏழு வாரத்தில் ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள்.