ரஞ்சியில் ரன் குவித்தும் இந்திய அணியில் ஏன் எடுப்பதில்லை?

கேட்டிருப்பது இது: "வருஷா வருஷம் ரஞ்சியில் ரன் குவிப்பவர்கள் வெளியே நிற்க, ஐ.பி.எல்.லில் நாலு மேட்ச் அடித்தவர் உள்ளே போகிறார். அப்படியானால் ரஞ்சி ஆடுபவருக்கு உண்மையிலேயே எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது?"

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 1932-இல் லார்ட்ஸில் ஆடிய முதல் டெஸ்டிலிருந்து 2025 இங்கிலாந்துத் தொடர் வரை இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியவர்கள் மொத்தம் 318 பேர். மான்செஸ்டரில் இறங்கிய அன்ஷுல் கம்போஜ்தான் 318-ஆவது ஆள். சராசரியாக வருஷத்துக்கு மூன்று அல்லது நாலு புது முகம். மாநில அணிகள் மோதும் உள்நாட்டுப் போட்டியான ரஞ்சிக் கோப்பையில் இப்போது 38 அணிகள். அணிக்குப் பதினைந்து பேர் என்று குறைத்து வைத்தாலும் ஐந்நூற்று எழுபது பேர். அந்த மூன்று நாலு இடத்திலும் வேகப்பந்து வீச்சாளர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே போகும், ஏனென்றால் அவர்கள்தான் அடிக்கடி காயமாகிறார்கள். ஒரு பேட்ஸ்மேனுக்கு, அதிலும் மிடில் ஆர்டர் பேட்ஸ்மேனுக்கு, கதவு எப்போதோ ஒருமுறைதான் திறக்கும்.

நாம் எல்லோரும் ரஞ்சியைப் பரீட்சை மாதிரி பார்க்கிறோம். அதிக மார்க் எடுத்தவனுக்கு சீட் கொடு என்கிறோம். அங்கே நடப்பது வேறு. ஏதோ ஒரு இடம் காலியாக வேண்டும், அது உங்களுடைய இடமாக இருக்க வேண்டும், அந்த வாரத்தில் செலக்டர்கள் மனசில் உங்கள் பெயர் மேலே இருக்க வேண்டும். மூன்றில் கடைசி ஒன்றுதான் உங்கள் கையில். அதுவும் பாதிதான்.

ராஜிந்தர் கோயலை எடுத்துக்கொள்ளுங்கள். ரஞ்சியில் 637 விக்கெட், இன்றுவரை அதுதான் சாதனை. இடதுகை ஸ்பின்னர். அவருடைய காலத்தில் இந்திய அணியின் இடதுகை ஸ்பின்னர் பிஷன் சிங் பேடி. முடிந்தது கதை. 1974-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான பெங்களூரு டெஸ்டில் பேடியை ஒழுங்கு நடவடிக்கையாக உட்கார வைத்தார்கள். கோயல் ஸ்குவாடில் இருந்தார், ஆனால் ஆடும் பதினொருவரில் இல்லை. அதற்குப் பிறகு வாய்ப்பே வரவில்லை. மும்பையின் பத்மாகர் சிவால்கருக்கும் இதே தலையெழுத்துதான்.

எங்கள் தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு இந்த வலி பத்ரிநாத் பெயரில் இருக்கிறது. முதல் தரப் போட்டிகளில், அதாவது ரஞ்சி போன்ற பல நாள் ஆட்டங்களில், பத்தாயிரத்துக்கு மேல் ரன், சராசரி 54. ஆடிய டெஸ்ட் இரண்டு. அவர் காலத்தில் மிடில் ஆர்டரில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லவே வேண்டாம். 2010 பிப்ரவரியில் டிராவிட், லக்ஷ்மண் இருவருக்கும் காயம் என்றானபோதுதான் நாக்பூரில் அவருக்குக் கதவு திறந்தது. எதிரே தென்னாப்பிரிக்காவின் டேல் ஸ்டெய்ன், அன்றைக்கு ஏழு விக்கெட் எடுத்தார். அந்தக் களேபரத்தில் பத்ரி 56 அடித்தார். அடுத்த டெஸ்டோடு அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. அவர் என்ன செய்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

இதன் மறுபக்கம் முரளி விஜய். 2008 நவம்பரில் நாசிக்கில் மகாராஷ்டிராவுக்கு எதிராக விஜய்யும் அபினவ் முகுந்தும் முதல் விக்கெட்டுக்கு 462 ரன் சேர்த்தார்கள். விஜய் 243, முகுந்த் ஆட்டமிழக்காமல் 300. அதே சமயம் டெல்லி டெஸ்டில் ஷேன் வாட்சனை முழங்கையால் இடித்ததற்காக கம்பீருக்கு ஒரு டெஸ்ட் தடை. ரஞ்சி மேட்ச் முடிவதற்குள் விஜய் நாக்பூருக்குக் கிளம்பிப் போய் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இறங்கிவிட்டார். முகுந்த் 2011 வரை காத்திருந்தார். இரண்டு பேரிடமும் ரன் இருந்தது. காலி இடம் ஒன்றுதான் இருந்தது.

சரி, ரன்னையாவது ஒழுங்காக எண்ணுகிறார்களா? எண்ணுகிறார்கள், ஆனால் நாம் எண்ணுகிற மாதிரி இல்லை. இதைப் புரிந்துகொள்ள வார நாளில் ஒரு ரஞ்சி மேட்சுக்கு ஒருமுறை போய் உட்கார வேண்டும். கோயம்புத்தூரில் கல்லூரி மைதானத்தில் நடக்கும்போது சைட் ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் எல்லாம் தெரியும். காலையில் பந்து புதுசாக இருக்கும் வரைக்கும் நிஜமான கிரிக்கெட். மதியச் சாப்பாட்டுக்கு மேல் பந்து மெத்தென்று ஆகிவிடும். மீடியம் பேஸர் ஓடி வருகிறார், கீப்பர் ஸ்டம்ப்ஸை ஒட்டி நின்றுகொண்டே பந்தை வாங்குகிறார். மிட்-ஆஃபில் நிற்பவர் கொட்டாவி விடுகிறார். பேட்ஸ்மேன் காலை முன்னால் வைத்து வைத்து அடித்துக்கொண்டே போகிறார். சாயங்காலம் ஸ்கோர்போர்டில் 140 நாட் அவுட். மறுநாள் பேப்பரில் படிப்பவருக்கு அது ஒரு சதம், அவ்வளவுதான். செலக்டர் யோசிப்பது வேறு: இந்தக் கால் நகர்வு பெர்த்தில், 145 கிலோமீட்டரில், மார்பு உயரத்துக்கு வரும் பந்துக்குத் தாங்குமா?

யாரை எதிர்த்து அடித்தார் என்பதும் இதில் சேரும். 2018-19 சீசனில் ஒன்பது புதிய அணிகள் ரஞ்சிக்குள் வந்தன. அந்த ஆண்டு சிக்கிமுக்காக ஆடிய மிலிந்த் குமார் 1331 ரன் அடித்தார். பீகாரின் அசுதோஷ் அமன் 68 விக்கெட் எடுத்து பேடியின் பழைய சாதனையையே தாண்டினார். இரண்டுமே அந்தப் புதிய அணிகள் ஆடிய பிளேட் பிரிவில் வந்தவை, அதனால் தேர்வுக் குழுவில் யாருக்கும் தூக்கம் கெடவில்லை. மிலிந்த் பிற்பாடு அமெரிக்காவுக்காக ஆடப் போனார். நம்ம ஜெகதீசன் 2022-இல் விஜய் ஹசாரே கோப்பையில் 277 அடித்தது லிஸ்ட் ஏ, அதாவது ஒருநாள் ஆட்டங்களில், உலக சாதனை. எதிரணி அருணாசலப் பிரதேசம் என்று அடுத்த வரியிலேயே எழுதினார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் எழுதியது தப்பும் இல்லை.

அதனால்தான் தேசிய அணிக்கு அடுத்த படியான இந்தியா ஏ அணி. என்னைக் கேட்டால் உண்மையான வாசல் அதுதான். மயங்க் அகர்வால் 2017-18 சீசனில் எல்லா உள்நாட்டுப் போட்டிகளிலும் சேர்த்து இரண்டாயிரத்துக்கு மேல் அடித்தார். உடனே எடுக்கவில்லை என்று எல்லோரும் கொதித்தோம். அவரை இந்தியா ஏ-வுடன் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள், அங்கேயும் அடித்தார், 2018 டிசம்பரில் மெல்போர்னில் இறங்கி முதல் இன்னிங்ஸில் 76. கம்போஜ் ஒரே இன்னிங்ஸில் கேரளாவின் பத்து விக்கெட்டையும் எடுத்தவர். ஆனால் மான்செஸ்டருக்கு அவரைக் கூப்பிட்டதற்குக் காரணம் அது மட்டும் இல்லை. கொஞ்ச நாளைக்கு முன்புதான் இந்தியா ஏ-வுக்காக அதே இங்கிலாந்தில் வீசியிருந்தார், டெஸ்ட் அணியில் இரண்டு மூன்று பேர் காயத்தில் இருந்தார்கள்.

இந்த வாசலிலும் ஒருவர் மாட்டிக்கொண்டு நிற்கிறார். அபிமன்யு ஈஸ்வரன். 2025-இல் இங்கிலாந்து போன இந்தியா ஏ அணியின் கேப்டன், 2022 முதல் டெஸ்ட் ஸ்குவாடுக்குள் வருவதும் போவதுமாக இருந்தார். 2024-25 ஆஸ்திரேலியா, 2025 இங்கிலாந்து என்று இரண்டு பெரிய சுற்றுப்பயணத்திலும் உட்கார்ந்தே இருந்தார். அவர் கண் முன்னாலேயே சாய் சுதர்சன் அறிமுகமானார், கருண் நாயர் திரும்பி வந்தார். அடுத்து வந்த மேற்கிந்தியத் தீவுகள் தொடருக்கான ஸ்குவாடில் அவர் பெயரே இல்லை. ஆடாமலேயே நீக்கப்படுவது என்ன நியாயம்? ஸ்குவாடில் இருப்பவர் தண்ணீர் பாட்டில் தூக்கும் வாரங்களில் இங்கே ரஞ்சி நடக்கும், மற்றவர்கள் ரன் சேர்ப்பார்கள். இவருடைய எண்ணிக்கை அப்படியே நிற்கும். எனக்கு இந்தத் தேர்வு முறையில் உண்மையான கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

இனி நீங்கள் கேட்ட ஐ.பி.எல். டி20, ஒருநாள் அணிகளுக்கு ஐ.பி.எல்.லைப் பார்த்து எடுப்பதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை. வருண் சக்கரவர்த்தி முதல் தரப் போட்டி ஆடியது ஒன்றே ஒன்று. 2025 சாம்பியன்ஸ் டிராபியில் நியூசிலாந்துக்கு எதிராக ஐந்து விக்கெட் எடுத்தபோது யாரும் ரஞ்சிக் கணக்கைக் கேட்கவில்லை. பிரச்சினை டெஸ்டில். சாய் சுதர்சன் 2025 ஐ.பி.எல்.லில் 759 ரன் அடித்து அதிக ரன்னுக்கான ஆரஞ்சு கேப் வாங்கிவிட்டு இங்கிலாந்தில் ஹெடிங்லி டெஸ்டுக்குப் போனபோது அவருடைய முதல் தரச் சராசரி நாற்பதைத் தொடவில்லை. ஐம்பதை ஒட்டிய சராசரியோடு பல வருஷமாக இருக்கும் தமிழ்நாட்டின் பாபா இந்திரஜித்துக்கு அந்தப் பேச்சே வரவில்லை. நான் சுதர்சனின் ரசிகன், இருந்தாலும் இது உறுத்துகிறது. செலக்டர் தரப்பு வாதம் எனக்குத் தெரியும்: இடதுகை ஆட்டக்காரர், 23 வயது, இங்கிலாந்தின் உள்நாட்டுக் கவுன்டி போட்டியில் சர்ரேக்காக ஆடியவர், ஐ.பி.எல்.லில் உலகின் வேகமான பந்துவீச்சை இரண்டு மாதம் தொடர்ந்து ஆடுகிறார், அந்த வேகம் ரஞ்சியில் கிடைக்காது. வாதத்தில் பாதி சரி. பந்து ஸ்விங் ஆகும்போது அரை நாள் பந்துகளை அடிக்காமல் விட்டுவிட்டு ஆடும் பொறுமையை ஐ.பி.எல். காட்டித் தராது என்பது மீதிப் பாதி.

காலி இடத்தின் உச்சக்கட்டம் பிரிஸ்பேன், 2021 ஜனவரி. பும்ரா, அஷ்வின், ஜடேஜா, ஷமி, உமேஷ் எல்லோரும் காயம். கொரோனா தனிமைப்படுத்தல் விதிகளால் ஊரிலிருந்து புதிதாக ஆளைக் கூட்டிவரவும் வழியில்லை. வலையில் பந்துபோட வைத்திருந்த நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் டெஸ்ட் வீரர்கள் ஆனார்கள். வாஷிங்டன் அதற்கு முன் முதல் தரப் போட்டி ஆடியது 2017-இல். 62 அடித்தார், நாலு விக்கெட் எடுத்தார். ரஞ்சியில் அந்த மூன்று வருஷமும் உழைத்த ஆஃப் ஸ்பின்னர்கள் டி.வி.யில் பார்த்தார்கள்.

உள்ளே போய்விட்டால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. சேப்பாக்கத்தில் 2016-இல் 303 அடித்த கருண் நாயர் அடுத்த டெஸ்டிலேயே வெளியே உட்கார்ந்தார், ரஹானே காயத்திலிருந்து திரும்பிவிட்டதால். எட்டு வருஷம் கழித்து, விதர்பாவுக்கு ரஞ்சிக் கோப்பை வென்று கொடுத்த சீசனின் பலத்தில் திரும்பி வந்தார். நாலு டெஸ்ட், ஒரு அரைசதம், 205 ரன். 33 வயதுக்காரர், கதவை மூடிவிட்டார்கள். அதே ரன்னை 23 வயதுக்காரர் அடித்திருந்தால் "போகப் போகக் கற்றுக்கொள்வார்" என்றிருப்பார்கள். சர்ஃபராஸ் கான் ஒரு சீசனில் 928, இன்னொன்றில் 982 என்று அடித்தும், கோலி விடுப்பில் போய் ராகுலுக்குக் காயமான 2024 பிப்ரவரி வரை காத்திருந்தார். பெங்களூரில் 150 அடித்தும் 2025 இங்கிலாந்து டெஸ்ட் தொடருக்கு எடுக்கவில்லை.

ஆகவே ஒரு வீரரின் வாய்ப்பைக் கணிக்க வேண்டுமென்றால் அவருடைய சராசரிக்கு முன்னால் அவருடைய இடத்தில் யார் ஆடுகிறார், அவருக்கு என்ன வயது, இந்தியா ஏ பட்டியலில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். உதாரணமாக நம்ம இடதுகை ஸ்பின்னர் சாய் கிஷோர். 2023-24 ரஞ்சியில் 53 விக்கெட், அந்த சீசனின் முதலிடம். ஜடேஜா ஓய்வு பெற்றால் இடம் காலியாகும். ஆனால் முன்னால் அக்சர் படேல் இருக்கிறார், பின்னால் விதர்பாவின் ஹர்ஷ் துபே, ஒரே ரஞ்சி சீசனில் 69 விக்கெட் எடுத்து அமனின் சாதனையை முறியடித்தவர். சாய் கிஷோர் முப்பதை நெருங்குகிறார், துபே அவரைவிட ஐந்தாறு வயது சின்னவர், பேட்டிங்கும் வரும். ஆசை யார் மேல் என்றால் சாய் கிஷோர். பந்தயம் கட்டச் சொன்னால் துபே.