டயாலிசிஸ் மையங்களைக் கூட்டுவது சிறுநீரக நோய்த் தடுப்பு ஆகுமா?

"அரசு இலவச டயாலிசிஸ் மையங்களை நிறையத் திறந்தால் போதாதா, தடுப்புத் திட்டம் என்று தனியாக எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. டயாலிசிஸ் உயிரைக் காக்கிறது, அது எல்லோருக்கும் கிடைத்தே ஆக வேண்டும். ஆனால் வாரத்துக்கு மூன்று நாள், தடவைக்கு நான்கு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்காரும் நிலைக்கு வந்தவர்களில் பலருக்கு, நோய் பல வருஷங்களாகச் சத்தமில்லாமல் வளர்ந்திருக்கும். தடுப்பு வேலை நடக்க வேண்டியது அந்த வருஷங்களில்தான்.

உலகம் முழுக்க சிறுநீரகத்தைக் கெடுப்பதில் முதல் இரண்டு இடம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும்தான். இந்த இரண்டுக்கும் ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் ஏதாவது ஒரு திட்டம் இருக்கிறது. அதனால் சிறுநீரகத்துக்கென்று புதிதாக ஒரு மாளிகை கட்ட வேண்டியதில்லை. ஏற்கெனவே மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் வருஷத்துக்கு ஒரு தடவை சிறுநீரில் ஆல்புமின் (கசியக் கூடாத ஒரு புரதம்), ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) இரண்டையும் பார்த்தாலே பெரும்பாலானவர்களை ஆரம்பத்தில் பிடித்துவிடலாம்.

விட்டுப்போவது சிறுநீர்ப் பரிசோதனைதான். என் அம்மாவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை. அவர் ஃபைலைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் சர்க்கரை அளவு இருக்கும், கிரியேட்டினினும் அங்கங்கே இருக்கும். சிறுநீரில் ஆல்புமின் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டுகூடக் கிடையாது. யாரோ ஒருவரின் அலட்சியம் என்று இதைச் சொல்ல மாட்டேன். திட்டத்தின் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லையென்றால் யாருக்கும் ஞாபகம் வராது.

கிரியேட்டினின் மட்டும் பார்ப்பதில் ஒரு ஆபத்து உண்டு. 1.3 என்று வந்தால் பலரும் "லேசா கூட இருக்கு, பரவாயில்லை" என்று விட்டுவிடுவார்கள். 25 வயது இளைஞருக்கு அது இ.ஜி.எஃப்.ஆர் (வயதையும் பாலினத்தையும் சேர்த்து, சிறுநீரகம் எவ்வளவு வேகமாக ரத்தத்தை வடிகட்டுகிறது என்று போடும் மதிப்பீடு) கணக்கில் சுமார் 78. அதே 1.3 ஒரு 70 வயதுப் பெண்ணுக்கு வந்தால் சுமார் 44தான். இந்த எண் 60க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தாலே நாள்பட்ட நோய் என்று அர்த்தம். ஆய்வகம் இந்தக் கணக்கைத் தானே போட்டு ரிப்போர்ட்டில் அச்சடித்துத் தர வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவந்தால் போதும், பெரிய செலவில்லாமல் எத்தனையோ பேர் கண்ணில் படுவார்கள்.

சிறுநீரில் முக்கும் பட்டை மஞ்சளிலிருந்து பச்சையாக மாறினால் புரதம் கசிகிறது என்று தெரியும். ஆனால் ஆரம்பக் கசிவு அதில் தப்பிவிடும். அதற்கு ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் பார்க்க வேண்டும். கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் கவனிக்க வேண்டிய அளவு. காய்ச்சல், கடும் உடற்பயிற்சி இவற்றாலும் ஏறும் என்பதால் திரும்ப ஒரு முறை பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

சரி, கண்டுபிடித்த பிறகு? திட்டங்கள் தடுக்கி விழுவது இங்கேதான். முகாம் போட்டு, பட்டையை முக்கி, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் அதில் பாதி வேலைகூட முடியவில்லை. பெயர் பிரில், சார்டான் என்று முடியும் ரத்த அழுத்த மாத்திரைகள் புரதக் கசிவைக் குறைக்கும். ஆனால் தொடங்கிய சில வாரங்களில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். சர்க்கரைக்காக வந்த கிளிஃப்ளோசின் வகை மருந்துகள் சிறுநீரக நோயின் வேகத்தைக் குறைக்கும் என்று பெரிய ஆய்வுகள் காட்டின, 2021ல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சேர்ந்தன. இவை வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள சுகாதார நிலையத்திலேயே கிடைக்காவிட்டால் பரிசோதனை செய்து என்ன பயன்?

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது தைவான் செய்தது. டயாலிசிஸ் நோயாளிகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாக உள்ள நாடுகளில் அது ஒன்று. 2003ல் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் உள்ள மூலிகை மருந்துகளைத் தடைசெய்தார்கள். 2006ல் தேசியக் காப்பீட்டின் மூலம், டயாலிசிஸுக்கு முந்தைய நிலையில் உள்ளவர்களை நன்றாகக் கவனிக்கும் மருத்துவமனைகளுக்குத் தனி ஊக்கத்தொகை கொடுத்தார்கள். டயாலிசிஸ் செய்தால்தான் வருமானம் என்றிருந்த இடத்தில், அதைத் தள்ளிப்போடுவதற்கும் பணம் வந்தது. ஜப்பானின் வழி வேறு: 1974 முதல் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் வருஷா வருஷம் சிறுநீர்ப் பரிசோதனை. எல்லா நாடும் அதைச் செய்தாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கையில் பணம் குறைவாக இருந்தால் சர்க்கரை, அழுத்தம், குடும்பத்தில் சிறுநீரக நோய் உள்ளவர்களிடமிருந்து தொடங்குவதே நியாயம்.

அப்புறம், மருத்துவமனைக்கு வெளியே நடக்க வேண்டியவை. உப்பைக் குறைப்பது, வலி மாத்திரைகளைச் சீட்டில்லாமல் விற்பதைக் கட்டுப்படுத்துவது எல்லாம் தெரிந்ததுதான். பலர் மறப்பது வெயிலில் உழைப்பவர்களை. மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டும் இளைஞர்கள், சர்க்கரையும் இல்லாமல் அழுத்தமும் இல்லாமல், சிறுநீரகத்தை இழந்தார்கள். கடும் உழைப்பும் உடல் சூடும் நீரிழப்பும் அதில் முக்கியக் காரணங்களாகப் பார்க்கப்படுகின்றன. அவர்களுக்கு நிழலும் தண்ணீரும் கட்டாய ஓய்வும்தான் தடுப்பு மருந்து. அதைக் கொடுக்க வேண்டியது தொழிலாளர் துறை.

2025 மே மாதம் உலக சுகாதார மாமன்றம் (உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடி முடிவெடுக்கும் சபை) சிறுநீரக நலனுக்கென்று முதல்முறையாக ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆகவே இனி பல அரசுகள் திட்டம் அறிவிக்கலாம். அறிவித்தால் இரண்டு எண்களைக் கேளுங்கள்: சர்க்கரை நோயாளிகளில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு இந்த வருஷம் சிறுநீரில் ஆல்புமின் பார்த்தீர்கள்? கசிவு இருந்தவர்களில் எத்தனை பேர் ஒரு வருஷம் கழித்தும் மருந்தைத் தொடர்கிறார்கள்?