பித்தளையில் ஒரு கோடு, மரத்தில் ஒரு கோடு: செதுக்கப் பழகுவோர் கேள்விகள்

வீட்டில் பழைய எவர்சில்வர் தட்டுகள் கிடக்கின்றன. அவற்றிலேயே செதுக்கிப் பழகலாமா?

வேண்டாம். வெட்ட வெட்ட இறுகும் உலோகம் அது. உளியின் முனைதான் உடையும். பாத்திரக்கடையில் பெயர் வெட்டித் தருபவரைப் பார்த்து ஆசை வந்திருக்கலாம். அவர் செய்வது புள்ளி புள்ளியாகக் குத்தும் வேலை. நாம் பேசுவது உலோகத்தைச் சுருளாகச் சீவி எடுப்பது. ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள பித்தளைத் தகட்டில் தொடங்குங்கள். செம்பு மென்மைதான், ஆனால் உளியில் ஒட்டிக்கொண்டு இழுக்கும்.

புது உளி. ஆனாலும் தகட்டில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. கையில் பலம் போதவில்லையா?

பலத்துக்கு இதில் வேலையே இல்லை. கடையில் வாங்கும் உளி பெரும்பாலும் தீட்டாமல்தான் வரும், நாம்தான் தீட்டிக்கொள்ள வேண்டும். முகப்பை, அதாவது முனையில் சாய்வாக இருக்கும் முகத்தை, 45 டிகிரிக்குத் தீட்டுங்கள். அப்புறம் அடிப்பக்கம் முனையை ஒட்டி 15 முதல் 20 டிகிரிக்கு ஒரு சின்னச் சரிவு கொடுங்கள். பலரும் விட்டுவிடுவது இந்தச் சரிவைத்தான். அது இல்லாவிட்டால் உளியை மிகத் தாழ்த்திப் பிடிக்க வேண்டிவரும், விரல் தகட்டில் இடிக்கும், கோட்டின் ஆழமும் கட்டுப்படாது. முதலில் 600 எண் வைரக்கல்லில் தீட்டுங்கள், பிறகு இன்னும் நைசான 1200 எண் கல்லில், கடைசியாகத் தோலில் தேய்த்து மெருகேற்றுங்கள். கூர்மை வந்ததா என்று பார்க்க, முனையைக் கட்டைவிரல் நகத்தில் அழுத்தாமல் வையுங்கள். நின்றால் சரி, சறுக்கினால் மறுபடியும் கல்லுக்குப் போங்கள்.

வளைகோடு போடும்போது உளியைத் திருப்பாதீர்கள். அது நேராகவே போகட்டும், மற்றக் கையால் தகட்டைத் திருப்புங்கள்.

தகட்டைக் கையில் பிடித்துக்கொண்டே செதுக்கலாமா?

கூடவே கூடாது. உளி தவறினால் நேராக உள்ளங்கையில்தான் இறங்கும். பொற்கொல்லர்கள் செய்வதுபோல, மரப்பலகையில் அரக்கை உருக்கி ஊற்றி, சூடு ஆறுவதற்குள் தகட்டை அதில் பதியுங்கள். வேலை முடிந்ததும் லேசாகச் சூடுகாட்டினால் கழன்றுவரும்.

மரத்துக்கும் இதே உளி போதுமா?

பலகையின் நீளவாக்கில் செதுக்குவதானால் போதாது. 'வி' வடிவ உளி வேண்டும், கூடவே ஒரு கொட்டாப்புளி (மரச் சுத்தியல்). நார் பெயர்ந்துகொண்டு வந்தால் மரத்தைக் குறை சொல்லாதீர்கள்; எதிர்த்திசையிலிருந்து வெட்டிப் பாருங்கள். தேக்கில் சிலிக்கா இருப்பதால் கூர் சீக்கிரம் மழுங்கும். பழக வெப்பாலை நல்லது. சன்னபட்டணத்துப் பொம்மைகள் செய்யும் அதே மரம், இழை நெருக்கமானது.

ஆனால் மரத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில் உலோக உளியே அழகாக ஓடும். இங்கிலாந்தில் தாமஸ் பெவிக் (1753–1828) பாக்ஸ்வுட் என்ற நெருக்கமான இழையுள்ள மரக்கட்டையில் மயிரிழைக் கோடுகளுடன் பறவைப் படங்களை அப்படித்தான் செதுக்கினார்.

வயது 58. இனிமேல் பழக முடியுமா?

தாராளமாக. தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி ஒன்று வாங்குங்கள். விளக்கை மேலே வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். அப்போதுதான் கோட்டின் ஆழம் தெரியும்.