வாசகர் கேள்வி-பதில்: பழைய ஃபிலிம் கேமராக்களில் ஃபோகஸும் மீட்டரும்

கேள்வி: மினோல்டா 7000, கேனான் ஈஓஎஸ் 650, நிக்கான் எஃப்-801 ஆகிய மூன்றும் எனக்கு ஏறக்குறைய ஒரே விலையில் கிடைக்கின்றன. ஆட்டோஃபோகஸ், ஒளி அளவீடு இரண்டையும் வைத்துப் பார்த்தால் எதை வாங்கலாம்? (மதுரை வாசகர்)

பதில்: ஃபோகஸ் வேகத்துக்காக என்றால் மூன்றுமே வேண்டாம், ஒளியை அளக்கும் மீட்டருக்காக என்றால் பேசலாம். 1985-இல் வந்த மினோல்டா 7000, கேமராவின் உடலுக்குள்ளேயே மோட்டாரை வைத்து லென்ஸைத் திருப்பியது. 1987-இல் ஈஓஎஸ் 650 அந்த மோட்டாரை லென்ஸுக்குள் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு வந்த எஃப்-801, மினோல்டாவைப் போலவே உடலிலிருந்து லென்ஸை இயக்குகிறது. சத்தமும் அதற்கேற்ப உண்டு. மூன்றிலும் ஃபோகஸ் புள்ளி ஒன்றே ஒன்றுதான், அதுவும் நட்டநடுவில்.

அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் உணரி, லென்ஸின் இரு பக்கங்களிலிருந்து வரும் ஒளியை இரண்டு பிம்பங்களாகப் பிரித்து, அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகியிருக்கின்றன என்று கணக்கிடுகிறது. உணரி படுக்கைவாட்டில் அமைந்த ஒற்றைக் கோடு என்பதால், செங்குத்தான விளிம்புகள் மட்டுமே அதற்குத் தெளிவாகத் தெரியும். வாங்குவதற்கு முன் இதை நீங்களே பார்த்துவிடலாம். பூட்டியிருக்கும் ஒரு கடையின் இரும்பு ஷட்டருக்கு முன் நின்று, அதன் கிடைமட்டப் பட்டைகளை நோக்கிப் பொத்தானைப் பாதி அழுத்துங்கள். லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக் களைத்து நின்றுவிடும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் அதே இடத்தில் சட்டென்று பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் பொத்தானை விடாமல் கேமராவைப் பழையபடி திருப்பிப் படமெடுக்க வேண்டியதுதான். மங்கிய வெளிச்சத்தில் மட்டும் மூன்றுக்கும் வேறுபாடு பெரிது: ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளியுணர் திறனைக் குறிக்கும் எண்) 100 ஃபிலிமில் மினோல்டா ஈவி 2 (ஈவி என்பது வெளிச்சத்தின் அளவுகோல்; ஓர் எண் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) வரைதான் ஃபோகஸ் செய்யும், எஃப்-801 ஈவி -1 வரை இறங்கும். அதாவது, மினோல்டாவுக்குத் தேவைப்படும் வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

இனி மீட்டர். மினோல்டா 7000 படத்தின் நடுப்பகுதிக்கு முக்கியத்துவம் கொடுத்துச் சராசரி மட்டுமே காணும்; ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவரை எடுத்தால் முகம் கறுத்துப்போகும். ஈஓஎஸ் 650 காட்சியை ஆறு பகுதிகளாகப் பிரித்து எடைபோடுகிறது. தேவைப்பட்டால் நடுவிலுள்ள 6.5 சதவீதப் பரப்பை மட்டும் தனியாக அளக்கவும் வசதி உண்டு. எஃப்-801-இல் இருப்பது, 1983-இல் நிக்கான் எஃப்ஏ கேமராவில் அறிமுகமான ஐந்து பகுதி அளவீட்டின் வழிவந்தது. நெகட்டிவ் ஃபிலிம் ஓரளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளும். அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது) தவறினாலே பல்லிளிக்கும் ஸ்லைடு ஃபிலிமில்தான் இந்த மீட்டர்களின் அருமை தெரியும். ஒன்றை மறக்க வேண்டாம்: கையால் ஃபோகஸ் செய்யும் நிக்கானின் பழைய மேனுவல் நிக்கார் லென்ஸை எஃப்-801-இல் பொருத்தினால் ஐந்து பகுதி அளவீடு கிடைக்காது, நடுப்பகுதி அளவீடுதான் கிடைக்கும்.

என் தேர்வு எஃப்-801. நான்கு சாதாரண ஏஏ பேட்டரிகளில் அது ஓடிவிடும். ஈஓஎஸ் 650-க்கோ 2சிஆர்5 என்ற லித்தியம் பேட்டரியைத் தேடி அலைய வேண்டும். மேலும், அந்தக் கேனானின் உள்ளேயிருக்கும் ரப்பர் நுரை நாளடைவில் உருகி ஷட்டர் தகடுகளில் பிசினாக ஒட்டுவது பலரும் கண்ட குறை. பின்மூடியைத் திறந்து, தகடுகளில் கறுப்புக் கறை இருக்கிறதா என்று பார்க்காமல் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: அப்பாவின் ஒலிம்பஸ் ஓஎம்-1 கேமராவுக்குப் புதிய பேட்டரி போட்ட பிறகு, மீட்டர் சொன்னபடி எடுத்த படங்கள் எல்லாம் இருட்டாக வருகின்றன. மீட்டர் பழுதா? (திருச்சி வாசகர்)

பதில்: பெரும்பாலும் பழுதிருக்காது. அந்த மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக வடிவமைக்கப்பட்டது. அவை இன்று விற்பனையில் இல்லை. நீங்கள் போட்டிருப்பது 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரியாக இருக்கும். மின்னழுத்தம் கூடுவதால் முள் கூடுதலாக ஏறி, இல்லாத வெளிச்சத்தை இருப்பதாகக் காட்டுகிறது. ஐஎஸ்ஓ எண்ணைக் குறைத்து வைத்துச் சமாளிக்கலாமே என்று தோன்றும். ஆனால் அல்கலைன் பேட்டரியின் மின்னழுத்தம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போவதால் பிழையின் அளவும் மாறிக்கொண்டே இருக்கும். காது கேட்கும் கருவிக்கான 675 எண் துத்தநாக-காற்று பேட்டரி ஏறக்குறைய பழைய மின்னழுத்தத்தையே தரும். அது அளவில் சிறியது என்பதால், அசையாமல் இருக்கச் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் போட்டுக்கொள்ளுங்கள். ஒட்டுத்தாளைப் பிரித்த நாளிலிருந்தே அதன் ஆயுள் கரையத் தொடங்கிவிடும். எனவே ஃபிலிம் ஏற்றும் நாளில் பிரித்தால் போதும்.

கேள்வி: வெள்ளை வேட்டி சட்டையில் எடுத்த படத்தில் துணி சாம்பல் நிறமாகத் தெரிகிறதே? (ஈரோடு வாசகர்)

பதில்: மீட்டருக்கு வெள்ளையும் தெரியாது, கறுப்பும் தெரியாது, எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். சட்டகம் முழுக்க வெள்ளை நிறைந்திருந்தால் எக்ஸ்போஷரை (ஃபிலிமில் விழும் ஒளியின் அளவை) ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டி வையுங்கள், அல்லது அதே வெயிலில் உங்கள் உள்ளங்கையை அளந்து அதைவிட ஒரு ஸ்டாப் கூட்டி எடுங்கள்.